நீரற்ற கழிப்பிடமும் இடக்கரடக்கலும்

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு இடக்கரடக்கல் நினைவிருக்கும். பலர் முன் சொல்லத் தகாத ஒன்றை, தகும் வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்வது. நன்னூலார் கூறும் தகுதி வழக்கு மூன்றனுள் அதுவும் ஒன்று. மங்கலமும் குழூஉக்குறியும் மற்ற இரண்டு. அதற்கு நமக்குச் சொல்லித் தரப்பட்ட எடுத்துக்காட்டு 'கால் கழுவி வந்தேன்' என்பது. மனப்பாடம் செய்த வயதில் நாம் கவனியாமல் விட்ட ஒன்று அதில் உண்டு. சொல்லக் கூசும் செயலை மறைப்பதற்கு மொழி தேர்ந்துகொண்டது கழுவுதலை. அதாவது தண்ணீரை.

சொல்லில் நாம் செய்த இந்த மறைப்பைத்தான் நமது நகரங்கள் குழாய்களின் வழியே செய்துவருகின்றன. கண்ணுக்கும் மூக்குக்கும் வேண்டாததன்மீது தண்ணீரை ஊற்றிவிட்டால் அது இல்லாமற் போய்விட்டது என்பது நமது நம்பிக்கை. தண்ணீரோ எதையும் இல்லாமல் ஆக்குவதில்லை. ஓரிடத்தில் இருந்ததை வேறிடத்துக்குக் கொண்டுசெல்கிறது, அவ்வளவே. கொண்டுசென்ற இடம் நம் தெருவில் இல்லை என்பதால் நமக்குச் சுத்தமாகத் தோன்றுகிறது. நீரற்ற சிறுநீர்க் கழிப்பிடங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இலக்கணத்தில் தொடங்க நேர்ந்தமைக்குக் காரணம் இதுதான். அக்கழிப்பிடங்கள் நம்மிடையே தோற்பது பொறியியலால் மட்டுமன்று என்று நாம் கருதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து ஊர் திரும்பும் வழியில் நாங்கள் நால்வர் ஒரு மாவட்டத் தலைநகரின் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். கழிப்பிடம் எங்கே என்று எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, நாற்றம் வழிகாட்டியது. உள்ளே சுவரில் புத்தம் புதிய வெண்ணிறக் கோப்பைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு மேலே, தண்ணீர் தேவையற்றது, சுற்றுச்சூழலைக் காப்பது என்று விளக்கும் பலகை. அதன் கீழேயே ஒரு வாளியும் மக்கும். பராமரிப்பாளரான முதியவர் ஒவ்வொரு கோப்பையிலும் மக்கு மக்காகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். பலகையில் அப்படிப் போட்டிருக்கிறதே என்று கேட்டோம். "தண்ணி ஊத்தாம எப்படி சார் சுத்தமாவும்?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லும் பொறுப்பு யாருக்கோ இருந்தது. அந்த யாரோ கோப்பைகளைப் பதித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேள்விக்கு விடை இதுதான். வழக்கமான கழிப்பிடத்தில் கோப்பைக்குக் கீழே வளைந்த குழாயொன்று இருக்கும். அந்த வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீரே சாக்கடையின் நாற்றம் மேலே வராமல் தடுக்கிறது. நீரற்ற கோப்பையில் அந்த வேலையை வேறொன்று செய்கிறது. ஒரு வகையில், சிறுநீரைவிட எடை குறைந்த எண்ணெய்ப் படலம் மேலே மிதக்க, சிறுநீர் அதனூடே இறங்கிப் போகிறது. இன்னொரு வகையில், மெல்லிய ரப்பர்க் குழல் ஒன்று சிறுநீர் வரும்போது திறந்து, வடிந்ததும் தானே ஒட்டி மூடிக்கொள்கிறது. முதல் வகையில் தண்ணீரை வாரி ஊற்றினால் எண்ணெய் அடித்துச் செல்லப்பட்டு, நாற்றத்துக்குக் கதவு திறந்துவிடும். அந்த முதியவர் சுத்தம் என்று நம்பிச் செய்த செயலே அந்த இடத்தை நாறச் செய்துகொண்டிருந்தது என்பது இதில் உள்ள கொடுமை.

புதிதாக வெளிவரும் சிறுநீருக்குப் பெரிய நாற்றம் கிடையாது. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைத்து அமோனியாவாக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி எழுகிறது. ஈரமாகவே இருக்கும் தரையும் சுவரும் அந்த நுண்ணுயிர்களுக்கு நல்ல குடியிருப்பு. அமோனியா சேரச் சேரக் காரத்தன்மை கூடி, சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பாஸ்பேட்டுடன் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் கல்லாகப் படிகின்றன. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைச் சிறிதளவு ஊற்றினால் அதிலுள்ள சுண்ணாம்பும் இந்தப் படிவோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே அரைகுறையாகத் தண்ணீர் ஊற்றுவது, ஊற்றாமல் இருப்பதைக் காட்டிலும் கேடு. நீரற்ற கோப்பைக்கு வேண்டியது நாள்தோறும் துணியால் துடைப்பதும், குறித்த கால இடைவெளியில் அடைப்பானைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் அல்லது மாற்றுவதும். சுருங்கச் சொன்னால், அது தண்ணீரைக் குறைத்துக்கொண்டு மனிதரின் கவனத்தைக் கூடுதலாகக் கேட்கிறது. இந்தப் பண்டமாற்றைப் புரிந்துகொள்ளாமல் அதை வாங்கி மாட்டுகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

தண்ணீரின் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒருவர் ஒரு முறை கழிக்கும் சிறுநீர் ஏறத்தாழக் கால் லிட்டர். அதை அனுப்பி வைக்க ஒரு முறைக்கு 3 லிட்டர் தண்ணீர் என்று கொண்டால், அனுப்பப்படும் பொருளைப்போலப் பன்னிரண்டு மடங்கு. நாளொன்றுக்கு நூறு பேர் வந்துபோகும் ஒரு கோப்பைக்கு 300 லிட்டர். ஓராண்டில் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டிவிடும். 2019 ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டதும், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்து முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததும் நமக்கு மறந்திருக்காது. அப்படி ஒரு ரயில் நிறையக் கொண்டுவந்த தண்ணீரை, நாம் மேலே சொன்ன வகையிலான எட்டாயிரத்துச் சொச்சம் கோப்பைகள் ஒரே நாளில் குடித்துவிடும். பெருநகரமொன்றின் அலுவலகங்களையும் பள்ளிகளையும் திரையரங்குகளையும் எண்ணிப் பார்த்தால் எட்டாயிரம் பெரிய எண்ணிக்கை அன்று.

வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தை மழைக்குத் தந்தார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்த மழையைச் சேர்த்து, வடிகட்டி, குளோரின் கலந்து, குடிக்கத்தக்கதாக்கி, குழாயில் ஏற்றி, கால் லிட்டர் சிறுநீரின்மேல் கொட்டுகிறோம். இதற்குப் பெயர் தூய்மை என்றால் அச்சொல்லை நாம் மீண்டும் ஆராய வேண்டியிருக்கிறது.

ஆயினும், தண்ணீரைச் சேமிப்பது இந்தக் கதையின் ஒரு பாதிதான். ஒரு மனிதர் ஓராண்டில் கழிக்கும் சிறுநீர் ஏறத்தாழ 500 லிட்டர். அதில் 4 கிலோ அளவுக்குத் தழைச்சத்து இருக்கிறது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் உடன் உண்டு. நம் உடல் வெளியேற்றும் தழைச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரில்தான் போகிறது. நோய்க்கிருமிகளில் பெரும்பான்மை மலத்தின் வழியே வருவன. இரண்டையும் தண்ணீரையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, பின்னர் பெரும் பொருட்செலவில் பிரிக்க முயல்வதே நமது கழிவுநீர்த் தொழில்நுட்பம். கலக்காமலே இருந்தால்? ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஓராண்டில் கழிக்கும் தழைச்சத்து, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ளதற்கு ஏறக்குறைய ஈடாகும்.

யூரியா என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது சிறுநீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. முதலில் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர். 1828-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெடரிக் வோலர் அதை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார். இன்று இயற்கை எரிவாயுவைக் கொண்டு தொழிற்சாலைகளில் உண்டாக்குகிறோம்; போதாததற்கு இறக்குமதியும் செய்கிறோம். உழவர்கள் கடைத்தெருவில் நின்று கூச்சமின்றி உரக்கச் சொல்லும் சொல் அது. வேற்றுமொழியில் இருப்பதாலும், வெள்ளைக் குருணையாக மூட்டையில் வருவதாலும், அது இடக்கர்ச் சொல்லாக நமக்குப் படவில்லை.

இந்தத் தொடர்பை மீண்டும் கண்டுகொண்ட ஊர் ஒன்று நம்மிடமே உண்டு. காவிரியின் வடகரையில், வாழையும் நெல்லும் விளையும் முசிறி. ஆற்றங்கரையாதலால் நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும் பகுதி. குழி தோண்டிக் கழிப்பறை கட்டினால் குழியில் நீர் ஊறும். கழிவு கிணற்றில் கலக்கும். திருச்சியைச் சேர்ந்த ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் அங்கே வேறொரு வகைக் கழிப்பறையை அறிமுகப்படுத்தியது. தரைக்கு மேலே கட்டிய இரண்டு அறைகள். மலம் உலர்ந்த நிலையில் ஓர் அறைக்குள் விழ, அதன்மேல் சாம்பல் தூவப்படும். ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவர். மூடியது மட்கி எருவாகும். சிறுநீர் தனிக் குழாயில் கலத்துக்குப் போகும். கழுவிய நீர் தனியே செடிகளுக்குப் போகும். கால் கழுவும் வழக்கமுடைய நமக்கு ஏற்ற திருத்தம் அது. பொதுமக்களுக்கான கழிப்பிடம் ஒன்றும் இதே முறையில் முசிறியில் கட்டப்பட்டது. 2008-இல் அது நாடெங்கும் செய்தியாயிற்று. காரணம், அங்கே வந்துபோகிறவர்களிடம் காசு வாங்கவில்லை. அவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். தொகை அற்பம். ஆனால் அந்தச் சில காசுகள் சொன்ன செய்தி அற்பமன்று: நீங்கள் விட்டுச்செல்வது கழிவன்று, பொருள். சேர்ந்த சிறுநீர் வாழைக்கு உரமாகச் சோதிக்கப்பட்டது. இப்பணியை முன்னின்று நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இது ஏழை ஊரின் ஒப்பேற்றல் என்று எவரும் எண்ண வேண்டா. சுவிட்சர்லாந்தின் நீர் ஆராய்ச்சி நிறுவனமான ஈவாக், 2006-இல் திறந்த தனது தலைமைக் கட்டடத்திலேயே சிறுநீரைப் பிரித்தெடுக்கும் கழிப்பறைகளையும் நீரற்ற கோப்பைகளையும் அமைத்தது. அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த அவுரின் என்ற திரவ உரத்தை உணவுப் பயிர்களுக்கும் பயன்படுத்த அந்நாட்டு அரசு 2018-இல் அனுமதித்தது. நம் நாட்டில் டெல்லி ஐ.ஐ.டி.யில் விஜயராகவன் சாரியாரும் ரமேஷ் சக்திவேலும் நீரற்ற சிறுநீர்க் கழிப்பிடங்களை எவ்வாறு அமைப்பது, பேணுவது என்பதற்குக் கையேடே எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பலரிடமிருந்து சேகரித்த சிறுநீரை 20 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் ஆறு மாதம் மூடிவைத்தால் எல்லாப் பயிர்களுக்கும் இடலாம் என்கின்றன. நம் ஊர் வெயிலில் 20 டிகிரிக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை.

இங்கே மீண்டும் இலக்கணத்துக்கு வருவோம். அவைக்கு ஒவ்வாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று விதித்த தொல்காப்பியர், அதை அடுத்தே ஒரு விலக்கும் தருகிறார். தொன்றுதொட்டு வழங்கி மருவிவிட்ட சொற்களை மறைக்க வேண்டுவதில்லை. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை: ஆப்பி, யாட்டுப் பிழுக்கை, யானை இலண்டம். அதாவது பசுவும் ஆடும் யானையும் இட்டவற்றை அவையில் அப்படியே சொல்லலாம். ஏன் இவை மட்டும் மருவின என்று உரைகள் விரிப்பதில்லை. நமக்குத் தோன்றும் காரணம் எளியது. ஆப்பி வாசலை மெழுகியது. ஆட்டுப் பிழுக்கை வயலுக்கு எருவாயிற்று. கிடை போட்டவனுக்குக் கூலி கொடுத்தார்கள். பயன்பட்டதால் புழங்கிற்று, புழங்கியதால் கூச்சம் போயிற்று. பசுவின் கோமியத்தைப் புட்டியில் அடைத்து விலைக்கு விற்கும் கடை இன்றும் நம் தெருவில் இருக்கிறது. மனிதனுடையது மட்டும் மறைக்க வேண்டியதாகவே நின்றுவிட்டது.

அப்படி நின்றதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம், அறிந்தும் பேசுவதில்லை. தண்ணீர் ஊற்றி அனுப்பியதெல்லாம் எங்கேயோ அடைத்துக்கொள்கிறது. அடைத்ததை எடுக்க ஒரு மனிதர் குழிக்குள் இறங்குகிறார். அவர் எந்தச் சாதியினர் என்பது நம்மில் எவருக்கும் தெரியாததன்று. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993-இல் ஒரு சட்டம் வந்தது. சாக்கடையிலும் மலக்குழியிலும் பாதுகாப்பின்றி இறக்குவதையும் தடுத்து 2013-இல் இன்னொன்று வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்த்தப்பட வேண்டியிருந்தது என்பதே சாவுகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று. நமது இடக்கரடக்கல் வெறும் சொல்லோடு நின்றிருந்தால் அது நாகரிகம். ஒருவர் மூச்சுத் திணறிச் சாவதையும் அது சேர்த்து மறைத்ததால் அது குற்றம்.

இந்த இடத்தில் நீரற்ற கழிப்பிடங்களின் ஆதரவாளர்களிடமும் நாம் ஒன்று கேட்டாக வேண்டும். அடைப்பானைக் கழற்றுபவர் யார்? கலத்தை மாற்றுபவர் யார்? பாதாளச் சாக்கடையில் இறங்கியவரின் மகனுக்கே கையுறைகூட இல்லாமல் அந்த வேலையையும் கொடுத்துவிட்டு, நிலைத்த வளர்ச்சி என்று சுவரில் பலகை வைப்போமானால், நாம் மாற்றியது கோப்பையை மட்டுமே. கவனம் என்பது கூலியுள்ள வேலை. பயிற்சியும் கருவியும் மாதச் சம்பளமும் உள்ள, எவரும் விண்ணப்பிக்கக்கூடிய தொழிலாக அது ஆகாதவரை, தண்ணீர் மிச்சம் என்ற கணக்கில் ஒரு மனிதரின் மானத்தை நாம் செலவு எழுதாமல் விடுகிறோம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. சுவரில் பதிக்கும் கோப்பை ஆண்களுக்கானது. தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றிய இந்தப் பேச்சு முழுவதுமே ஆண்களின் கழிப்பிடத்துக்குள் நடக்கிறது. பெண்கள் நெடுங்காலமாக வேறொரு வகையில் தண்ணீரைச் சேமித்து வருகிறார்கள்: குடிக்காமல் இருப்பதன் மூலம். பள்ளிக்குப் புறப்படும் பெண்பிள்ளையும், நாள் முழுதும் நிற்கும் துணிக்கடைப் பெண்ணும், பந்தோபஸ்துக்கு நிறுத்தப்படும் பெண் காவலரும் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதை நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம். நீரற்ற கழிப்பிடம் என்ற பெயருக்கு நமது நாட்டில் இன்று மிகப் பொருத்தமானது அவர்களது உடல்தான். சிறுநீரைப் பிரிக்கும் பீங்கான்கள் குந்தி அமரும் வகையிலும் செய்யப்படுகின்றன; முசிறியில் பெண்களும் அவற்றைப் பயன்படுத்தினர். எனவே முடியாது என்பதற்கு இடமில்லை. கேட்கப்படவில்லை என்பதே உண்மை.

மறுப்புகளையும் மறைக்க விரும்பவில்லை. சிறுநீரில் உப்பு உண்டு. மழை குறைந்த நிலத்தில் அளவின்றி இட்டால் மண் கெடும். நாம் உண்ணும் மருந்துகளின் எச்சமும் அதில் வரும். 500 லிட்டர் என்பது அரை டன் எடை. நகரத்திலிருந்து வயலுக்கு வண்டியில் ஏற்றினால் செலவு கட்டுபடியாவது கடினம். அதனாலேயே சுவிட்சர்லாந்தில் அதைச் சுண்டச் செய்து உரமாக்குகிறார்கள். மானிய விலையில் யூரியா மூட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது உழவர் இதை நாடுவதற்குக் காரணம் வேண்டும். இவையெல்லாம் உண்மையான தடைகள். எனினும் இவற்றுக்கு ஆராய்ச்சியாலும் கொள்கையாலும் விடை காண முடியும். கூச்சத்துக்கு அப்படி விடை காண முடியாது. அதை நாம்தான் விட வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது ஊரெங்கும் இக்கோப்பைகளை மாட்டிவிடுவதை அன்று. விடுதிகள், பள்ளிகள், கல்லூரிகள் ஆகியவற்றில், வளாகத்துக்குள்ளேயே தோட்டமும் நிலமும் உள்ள இடங்களில் முதலில் தொடங்கலாம். செப்புக் குழாய்களை அமோனியா அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் குழாய். சேரும் சிறுநீருக்கு மூடிய தொட்டி. அதைப் பெற்றுக்கொள்ள ஒரு தென்னந்தோப்போ வாழைத் தோட்டமோ. இவற்றோடு, பெயரும் சம்பளமும் பயிற்சியும் உள்ள ஒருவர். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாத இடத்தில் மற்றவற்றையும் தொடங்காமல் இருப்பதே நல்லது. ஏனெனில் நாறிப்போன ஒவ்வொரு கழிப்பிடமும், இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று சொல்வோருக்குச் சான்றாகி, அடுத்த பத்தாண்டுக்கு அந்த வழியை அடைத்துவிடும்.

மொழியை நேசிப்பவர்களாகிய நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. எழுத்தில் எதையும் சொல்லலாம் என்று வாதிட்டு வந்திருக்கிறோம். அவையில் சொல்லத் தகாதவை என்று ஒதுக்கப்பட்டவற்றைக் கதையிலும் கவிதையிலும் சொல்லியும் காட்டியிருக்கிறோம். நமது வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதை மட்டும் ஏனோ நம்மில் பலர் கேட்டதில்லை. அந்தப் பேருந்து நிலையத்து முதியவர் கேட்ட கேள்விக்கு அன்று நாங்கள் நால்வரும் விடை சொல்லாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு பேருந்து ஏறிவிட்டோம். தொல்காப்பியம் பற்றி அதுவரை மேடையில் பேசிவிட்டு வந்தவர்கள் நாங்கள். மருவிய சொல்லை மறைக்க வேண்டா என்ற விலக்கு அப்போது நினைவுக்கு வந்திருந்தால், ஐந்து நிமிடம் நின்று அவரோடு பேசியிருப்போம். அடுத்த முறை நிற்க வேண்டும்.